லீனியர் சப்ளையில் ஹம்: கண்டென்சர் மாத்தியும் போகலை

முதுநகர்_மிக்ஸர் (கடலூர்):

எல்லாருக்கும் வணக்கம். கல்யாணம், காதுகுத்துன்னு சின்ன அளவுல சவுண்ட் சர்வீஸ் பாக்குறேன். 12 வோல்ட்டுல ஓடுற பழைய மிக்ஸர் ஒண்ணு இருக்கு, மானிட்டர் ஆம்பும் அதுக்குள்ளயே. அதோட ஒரிஜினல் சப்ளை எரிஞ்சு போச்சு. புதுச்சேரி காந்தி வீதி ஞாயித்துக்கிழமை சந்தையில யாரோ கையால பண்ணின சப்ளை போர்டு ஒண்ணு கிடைச்சுது. 0-15 வோல்ட் 3 ஆம்ப் டிரான்ஸ்பார்மர், பிரிட்ஜ் (ஏசியை டிசியாக்குற நாலு டையோடு), ஃபில்டருக்கு 4700 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்) 50 வோல்ட் கண்டென்சர், ஹீட்சிங்க்ல எல்எம்317 ரெகுலேட்டர் ஐசி, 240 ஓம், வோல்டேஜ் செட் பண்ண 5கே பிரிசெட், அட்ஜஸ்ட் கால்ல 10 எம்எஃப்டி. வோல்டேஜ் 12-ல நச்சுன்னு நிக்குது.

மைக் ஃபேடரை ஏத்தினா மட்டும் ஸ்பீக்கர்ல "கிர்ர்"னு ஹம். பைக் பேட்டரியில ஓட்டினா சுத்தம். அப்போ தப்பு மிக்ஸர்ல இல்ல, சப்ளையிலதான். எங்க பாக்கணும்?

குழல்விளக்கு (மஞ்சக்குப்பம்):

ஃபில்டர் கண்டென்சர் காஞ்சிருக்கும். சந்தை சரக்குன்னா கேக்கவே வேணாம். 10000 எம்எஃப்டி போடு, வேலை முடிஞ்சுது.

முதுநகர்_மிக்ஸர்:

அண்ணே, 10000 போட்டுட்டேன், புதுசு. ஹம் குறையல. சொன்னா நம்ப மாட்டீங்க, கொஞ்சம் கரகரப்பு கூடின மாதிரிதான் இருக்கு.

குழல்விளக்கு:

அப்போ ஐசி. 317 மாத்து.

பாண்டி_ஸ்விட்ச்சிங் (லாஸ்பேட்டை):

ஏன்யா இந்தக் காலத்துல மூணு கிலோ டிரான்ஸ்பார்மரைத் தூக்கிட்டு அலையறீங்க? 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச்சிங் சப்ளை) வாங்கிப் போட்டுட்டு மேடைக்குப் போங்க.

முதுநகர்_மிக்ஸர்:

அதையும் பாத்தாச்சு அண்ணே. ஹம் போச்சு, அதுக்குப் பதிலா மைக் சேனல்ல "ஸ்ஸ்ஸ்"னு ஒரு சத்தம். மலிவு சரக்கு, நல்லதா வாங்கினா வராதோ என்னமோ. கையில இருக்கிறதைச் சரி பண்ணலாம்னுதான் கேக்குறேன்.

ஓய்வு_இன்ஸ்ட்ருமென்ட் (நெய்வேலி):

தம்பி, 317-ஐ இப்போதைக்குத் தொடாதீர்கள். ஒவ்வொரு உறுப்பாக மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் புது சப்ளையும் பழைய ஹம்மும்தான் மிஞ்சும். முதலில் அளந்து பார்ப்போம்.

உங்கள் மீட்டர் எது? மஞ்சள் நிற மலிவு மீட்டர் என்றால் அதில் ஏசியின் கீழ் ரேஞ்சே 200 வோல்ட்தான். மில்லிவோல்ட் எதுவும் தெரியாது. சிலவற்றில் ஏசி ரேஞ்சில் டிசியும் கலந்து வந்து பொய் ரீடிங் காட்டும். ஏசி மில்லிவோல்ட் உள்ள நல்ல மீட்டர் ஒன்றை இரவல் வாங்குங்கள். கூடவே 1 எம்எஃப்டி பாலியெஸ்டர் கண்டென்சர் ஒன்றைச் சீரிஸில் வைத்துக்கொண்டால் டிசி பற்றிய கவலையே வேண்டாம்.

லோடுக்கு மிக்ஸரைப் போட வேண்டாம். பைக் இண்டிகேட்டர் பல்பு, 12 வோல்ட் 10 வாட். சுமார் 0.83 ஆம்ப் இழுக்கும், இழுப்பும் சீராக இருக்கும். பல்பு எரியும்போது ஃபில்டர் கண்டென்சரின் இரு கால்களுக்கு இடையே ஏசி எவ்வளவு, அவுட்புட்டில் ஏசி எவ்வளவு என்று பாருங்கள். பழைய 4700 கையில் இருந்தால் அதைப் போட்டும் ஒரு முறை. மீட்டரில் ஹெர்ட்ஸ் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கண்டென்சரைக் கழற்றும்முன் 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் வைத்து டிஸ்சார்ஜ் பண்ணுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் அடிக்கும் வீரம் எல்லாம் வேண்டாம்.

முதுநகர்_மிக்ஸர்:

ஐயா, நண்பர்கிட்ட நல்ல மீட்டர் வாங்கிப் பாத்துட்டேன்.

பழைய 4700 போட்டா ஃபில்டர்ல ஏசி 0.48 வோல்ட். புது 10000 போட்டா 0.23 வோல்ட். அவுட்புட்ல ரெண்டுக்குமே 8, 9 மில்லிவோல்ட், பெருசா வித்தியாசம் இல்ல. ஹெர்ட்ஸ் எங்க வெச்சாலும் 100.

ஓய்வு_இன்ஸ்ட்ருமென்ட்:

அருமை. இந்த நாலு எண்ணிலேயே பாதி விஷயம் வந்துவிட்டது.

100 ஹெர்ட்ஸ் என்றால் பிரிட்ஜின் நாலு டையோடும் உழைக்கின்றன. ஒன்று ஓபன் ஆகியிருந்தால் அரை அலைதான் வரும், 50 காட்டும். டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம் மைக் ஒயரில் ஏறினாலும் 50-தான். அப்போது டிரான்ஸ்பார்மரைத் திருப்பி வைத்தால் ஹம்மின் அளவு மாறும். இரண்டும் இங்கே இல்லை.

அடுத்து ஃபில்டர். ரிப்பிள், அதாவது டிசி மேல் மிஞ்சி நிற்கும் ஏற்ற இறக்கம், உச்சிக்கு உச்சி எவ்வளவு என்பதற்குச் சுலபக் கணக்கு: லோடு கரண்டை 100-ஆலும் ஃபாரட் மதிப்பாலும் வகுங்கள். 0.83-ஐ 100-ஆலும் 0.0047-ஆலும் வகுத்தால் 1.77 வோல்ட். ரம்பப் பல் போன்ற அலையை மீட்டர் காட்டும்போது அதை 3.46-ஆல் வகுத்த அளவு வரும்: 0.51. உங்களுக்கு 0.48. சார்ஜ் ஏறும் நேரத்தை இந்தக் கணக்கு விட்டுவிடுவதால் நிஜத்தில் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். 10000-க்கு 0.83 வோல்ட், மீட்டரில் 0.24. உங்களுக்கு 0.23.

ஆக, சந்தையில் வாங்கிய அந்த 4700 நல்ல கண்டென்சர்தான். மஞ்சக்குப்பம் நண்பர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது அவுட்புட். அட்ஜஸ்ட் காலில் 10 எம்எஃப்டி இருந்தால் எல்எம்317 இந்த ரிப்பிளை 60 டெசிபலுக்கு மேல் அமுக்க வேண்டும், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே. 4700 போட்டால் 1.7 மில்லிவோல்ட் உச்சிக்கு உச்சி, 10000 போட்டால் அதில் பாதி. மீட்டரில் அரை மில்லிவோல்ட் காட்டுவதே அதிகம். 9 காட்டுகிறது. அதைவிட முக்கியம், ஃபில்டரில் ரிப்பிள் பாதியான பிறகும் அவுட்புட் அசையவே இல்லை. அப்படியானால் அவுட்புட்டில் தெரிவது ஃபில்டரின் ரிப்பிள் 317-ஐத் தாண்டி வந்தது அல்ல. வேறு வழியாக வருகிறது. வடிவத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். பக்கத்தில் யாரிடமாவது ஸ்கோப் (ஆசிலோஸ்கோப்) இருக்கிறதா?

காலாப்பட்டு_ஈசிஈ (புதுச்சேரி):

என்கிட்ட இருக்கு சார், ரெண்டு சேனல். அண்ணா, ஞாயித்துக்கிழமை சந்தைக்கு வந்தீங்கன்னா போர்டைக் கொண்டுவாங்க, பாத்துடலாம். பல்பையும் மறக்காதீங்க.

குழல்விளக்கு:

நான் கோவிக்கல சார். டிவி பெட்டியில பத்துக்கு ஒம்போது கண்டென்சர்தான் போகும், அந்தக் கை சும்மா இருக்காது. ஆனா 317 லீக் ஆகுதுன்னா அதுவும் இப்படித்தானே காட்டும்?

ஓய்வு_இன்ஸ்ட்ருமென்ட்:

லீக் ஆனால் ஃபில்டர் ரிப்பிள் பாதியாகும்போது அவுட்புட்டிலும் பாதியாகுமே. ஆகவில்லை பாருங்கள்.

காலாப்பட்டு_ஈசிஈ:

அண்ணா போர்டோட வந்திருந்தாங்க. பாத்ததைச் சொல்றேன்.

முதல்ல ப்ரோப் நுனியை, அதோட கிளிப் கவ்வின அதே கம்பியிலயே வெச்சுப் பாத்தேன். கோடு தட்டையா நின்னுச்சு. இந்தச் சோதனை பண்ணாம ரிப்பிள் பாத்தா, ப்ரோப் ஒயரே பிடிக்கிற குப்பையை சப்ளை மேல பழி போட்டுடுவோம், எங்க லேப்ல எல்லாரும் ஒரு தடவை மாட்டுறது இதுலதான். ஏசி கப்ளிங், 1 எக்ஸ் ப்ரோப், 20 மெகா ஹெர்ட்ஸ் பேண்ட்வித் லிமிட் ஆன்.

சேனல் ஒண்ணு ஃபில்டர் பிளஸ். அழகான ரம்பப் பல், 0.8 வோல்ட். சேனல் ரெண்டு அவுட்புட். இது ரம்பமே இல்ல. கோடு நேரா போய்ட்டு இருக்கு, 10 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை கீழ்நோக்கி ஒரு குழி. ஆழம் 35 மில்லிவோல்ட் கிட்ட, அகலம் ரெண்டு மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் கம்மி. ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா, ஃபில்டர் வோல்டேஜ் மேல ஏறுற அந்த நேரத்துலதான் குழி விழுது. இறங்குற நேரத்துல அவுட்புட் அமைதி. 4700-க்கு மாத்தினா குழி அகலமாகி ஆழம் 28-க்கு வந்துச்சு.

எனக்கு இது விசித்திரமா இருக்கு. இன்புட் ஏறும்போது அவுட்புட் ஏன் இறங்கணும்?

ஓய்வு_இன்ஸ்ட்ருமென்ட்:

விசித்திரமே இல்லையம்மா. திருடன் வரும் நேரத்தைப் பிடித்துவிட்டாய். ஃபில்டர் ஏறும் நேரம் என்பது டையோடுகள் கண்டென்சரைச் சார்ஜ் செய்யும் நேரம். லோடு 0.83 ஆம்ப்தான், ஆனால் அது 10 மில்லி செகண்டும் ஓடுகிற கரண்ட். அத்தனையையும் பிரிட்ஜ் இரண்டு மில்லி செகண்டுக்குள் கொட்டியாக வேண்டும். சராசரியே நாலரை ஆம்ப், உச்சத்தில் 7 ஆம்ப்.

இந்த 7 ஆம்ப் பிரிட்ஜ் பிளஸ்ஸிலிருந்து கண்டென்சருக்குப் போய், கண்டென்சர் மைனஸ் வழியாகப் பிரிட்ஜ் மைனஸ்ஸுக்குத் திரும்புகிறது. அந்தத் திரும்பும் தடத்தில் வேறு யாராவது கிரவுண்டு எடுத்திருக்கிறார்களா? போர்டைத் திருப்பிப் பாருங்கள். 5கே பிரிசெட்டின் கீழ்க்காலும் 10 எம்எஃப்டியின் மைனஸும் எங்கே பற்றவைத்திருக்கிறது?

காலாப்பட்டு_ஈசிஈ:

போட்டோ எடுத்து வெச்சிருந்தேன் சார். ரெண்டுமே பிரிட்ஜ் மைனஸ் கால்கிட்ட. அங்கேருந்து கண்டென்சர் மைனஸ் வரைக்கும் ஒரே தடம், 3 சென்டிமீட்டர் நீளம், 3 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். அவுட்புட் மைனஸ் டெர்மினல் ஒயர் கண்டென்சர் மைனஸ்லேருந்து கிளம்புது.

குழல்விளக்கு:

மூணு சென்டிமீட்டர் செம்புல என்ன சார் டிராப் ஆயிடப்போகுது? கன்டினியூட்டி வெச்சா பீப்னு கத்தும்.

காலாப்பட்டு_ஈசிஈ:

அண்ணா, பீப் சில பத்து ஓம் இருந்தாலும் கத்தும், அதை நம்பாதீங்க. சாதாரண போர்டுல செம்பு 35 மைக்ரான் கனம். அதுல ஒரு சதுரத்துக்கு அரை மில்லி ஓம், சதுரம் பெருசோ சின்னதோ. 3 மில்லி அகலம், 30 மில்லி நீளம்னா வரிசையா பத்துச் சதுரம். 5 மில்லி ஓம். 7 ஆம்ப் போட்டா 35 மில்லிவோல்ட்.

ஐயோ, நான் ஸ்கோப்ல பாத்த அதே எண்!

ஓய்வு_இன்ஸ்ட்ருமென்ட்:

அதேதான். 317-க்குத் தெரிந்த கிரவுண்டு பிரிசெட்டின் கீழ்க்கால் மட்டுமே. அதைவிட 12 வோல்ட் மேலே நிற்பதுதான் அதன் வேலை, அதை ஒழுங்காகச் செய்கிறது. சார்ஜ் ஏறும் அந்த நொடித் துண்டில் பிரிட்ஜ் மைனஸ் முனை, கண்டென்சர் மைனஸ்ஸைவிட 35 மில்லிவோல்ட் கீழே போகிறது. 317-உம் விசுவாசமாகக் கூடவே இறங்குகிறது. மிக்ஸரோ கண்டென்சர் மைனஸிலிருந்து பார்க்கிறது, அதற்குக் குழியாகத் தெரிகிறது. இந்தக் குழியில் 60 டெசிபல், 80 டெசிபல் எதுவும் உதவாது. கிரவுண்டில் நுழைந்தது அப்படியே ஒன்றுக்கு ஒன்றாக வெளியே வரும். அட்ஜஸ்ட் காலின் 10 எம்எஃப்டியும் அதே முனையில் நிற்பதால் அதுவும் சேர்ந்து ஆடும்.

10000 போட்டதும் கரகரப்பு கூடியதற்கும் இதுதான் காரணம். கண்டென்சர் பெரிதானால் ரிப்பிள் குறையும், ஆனால் சார்ஜ் ஏறும் நேரம் சுருங்கி உச்சக் கரண்ட் கூடும். குழி ஒடுங்கி ஆழமாகிறது. ஒடுங்கிய குழியில் 100-உடன் 200, 300, 400 ஹெர்ட்ஸ் என்று மேல் சுரங்களும் கூடும், காது அதைத்தான் கரகரப்பாகக் கேட்கிறது.

செய்ய வேண்டியது: பிரிசெட் கீழ்க்காலையும் 10 எம்எஃப்டி மைனஸையும் பிரிட்ஜ் முனையிலிருந்து வெட்டி விடுங்கள். இரண்டையும் சேர்த்துத் தனி ஒயரில் நேராக அவுட்புட் மைனஸ் டெர்மினலுக்குக் கொண்டு போங்கள். 240 ஓம் மட்டும் 317-இன் அவுட்புட் காலிலேயே ஒட்டி இருக்கட்டும், அதைத் தூரம் கொண்டுபோனால் லோடு கூடக்கூட வோல்டேஜ் இறங்கும். பிரிட்ஜுக்கும் கண்டென்சருக்கும் நடுவே அந்த இரண்டு கம்பிகளைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது.

முதுநகர்_மிக்ஸர்:

வெட்டி ஒயர் போட்டாச்சு ஐயா. மீட்டர்ல அவுட்புட் ஏசி இப்போ 0.4 மில்லிவோல்ட். ஃபேடரை முழுசா ஏத்தினாலும் மைக்கோட சொந்த இரைச்சல்தான் கேக்குது. பழைய 4700-ஐயே திரும்பப் போட்டுட்டேன். 10000-ஐ எடுத்து வெச்சுட்டேன், வேற எதுக்காவது ஆகும்.

பிரிட்ஜ் கால் சால்ட்ரிங் மேல பச்சை பூத்திருந்துச்சு, அதையும் சுரண்டிப் புது ஈயம் வெச்சேன். துறைமுகம் பக்கம் இருக்கிறவங்களுக்கு இது தெரிஞ்ச கதைதான், ஒரு மழைக்காலம் போனா போதும். ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) வெச்சுத் துடைச்சு வார்னிஷ் அடிக்கப்போறேன்.

அரியாங்குப்பத்தான்:

இடையில புகுறதுக்கு மன்னிக்கணும். எனக்கும் ஹம்தான், ஆனா சாயங்காலம் மட்டும். கேசட் டெக்குக்கு 7812 (12 வோல்ட் ரெகுலேட்டர் ஐசி) வெச்ச சப்ளை. 0-12 டிரான்ஸ்பார்மர், 2200 எம்எஃப்டி 25 வோல்ட். டெக் 0.3 ஆம்ப் இழுக்கும். பகல் பூரா சத்தமே இல்ல. ஆறரை மணிக்கு மேல உர்ருன்னு ஆரம்பிச்சு ராத்திரி பத்துக்கு மேல தானா நிக்குது. நானும் கிரவுண்டை வெட்டணுமா?

குழல்விளக்கு:

இதுக்காச்சும் 10000 போடச் சொல்லலாமா சார்?

ஓய்வு_இன்ஸ்ட்ருமென்ட்:

பொறுங்கள். அரியாங்குப்பம் தம்பி, ஹம் வரும்போது சுவர் பாயிண்டில் வோல்டேஜ் எவ்வளவு? டிரான்ஸ்பார்மர் செகண்டரியில் எவ்வளவு? 7812 அவுட்புட்டில் டிசி எவ்வளவு?

அரியாங்குப்பத்தான்:

பகல்ல 230, செகண்டரி 12.8, அவுட்புட் 12.0.
சாயங்காலம் 190, செகண்டரி 10.6, அவுட்புட் 10.9.
எங்க வீடு லைன்ல கடைசி வீடு சார், எல்லா வீட்டுலயும் மோட்டாரும் ஏசியும் ஓடுற நேரம்.

காலாப்பட்டு_ஈசிஈ:

சார், இதை நான் சொல்றேனே. 10.6-ஐ 1.414-ஆல பெருக்கினா உச்சம் 15.0. பிரிட்ஜ்ல ரெண்டு டையோடு 1.6 வோல்ட் சாப்பிடும். கண்டென்சர்ல உச்சம் 13.4. 0.3 ஆம்ப், 2200 எம்எஃப்டி, ரிப்பிள் 1.3 வோல்ட் கிட்ட. பள்ளம் 12.1. 7812 வேலை செய்ய இன்புட்ல 14 வேணும். பள்ளம் மட்டும் இல்ல, உச்சியே 14-ஐத் தொடல. ரெகுலேட்டர் சும்மா கம்பி மாதிரி ஆயிடுது, ரம்பப் பல் நேரா அவுட்புட்டுக்கு வந்துடுது. டிசியே 10.9-க்கு இறங்கினதுதான் அடையாளம். பகல்ல பள்ளமே 15-க்கு மேல, அதான் சத்தமில்ல.

ஓய்வு_இன்ஸ்ட்ருமென்ட்:

நூற்றுக்கு நூறு. மஞ்சக்குப்பம் நண்பரே, உங்கள் 10000-க்கும் இங்கே வேலையில்லை. தொட்டி எவ்வளவு பெரிதானாலும் குழாய் மட்டத்துக்கு மேல் தண்ணீர் நிற்காது, உச்சம் 13.4 என்றால் எத்தனை கண்டென்சர் அடுக்கினாலும் 14 வராது. டிராப் குறைவான ஷாட்கி டையோடு போட்டால் ஒரு வோல்ட் மிச்சமாகும், அப்போதும் பள்ளம் 13 சொச்சம்தான். 0-15 டிரான்ஸ்பார்மர் மாற்றுவதே வழி.

மாற்றும்போது இரண்டு விஷயம். பகலில் 7812-க்கு உள்ளே 20 வோல்ட் வரும், 8 வோல்ட் இடைவெளியில் 0.3 ஆம்ப் என்றால் இரண்டரை வாட் சூடு. ஹீட்சிங்க் இல்லாமல் ஓட்டக் கூடாது. 25 வோல்ட் கண்டென்சரும் ஆகாது. நள்ளிரவில் லைன் 250-க்கு ஏறி, டெக்கும் அணைந்திருந்தால் கண்டென்சரில் 25 தாண்டும். 35 வோல்ட் போடுங்கள்.

பாண்டி_ஸ்விட்ச்சிங்:

190 வோல்ட் வந்தாலும் எஸ்எம்பிஎஸ் அசையாது. சொல்லி வைக்கிறேன், அவ்வளவுதான்.

ஓய்வு_இன்ஸ்ட்ருமென்ட்:

அது உண்மை. மறுப்பதற்கில்லை.

முதுநகர்_மிக்ஸர்:

ஐயா, இன்னொரு சந்தேகம். பக்கத்து வீட்டுத் தாத்தா மீடியம் வேவ் ரேடியோ கேப்பார். ஸ்டேஷன் இல்லாத இடத்துல ஹம் இல்ல, ஸ்டேஷனைப் பிடிச்சா மட்டும் பின்னால ஹம் வருது. அதோட சப்ளையில ரிப்பிள் அளந்தேன், நல்லாத்தான் இருக்கு.

ஓய்வு_இன்ஸ்ட்ருமென்ட்:

அது ரிப்பிளே இல்லை. மெயின் ஒயர் ஏரியலாக நின்று ஸ்டேஷனின் அலையைப் பிடிக்கிறது. பிரிட்ஜ் டையோடுகள் 100 ஹெர்ட்ஸில் திறந்து மூடும்போது அந்த அலையும் வெட்டுப்பட்டு, அதே ஸ்டேஷன்மேல் ஹம்மாக ஏறுகிறது. டையோடு ஒவ்வொன்றுக்கும் குறுக்கே 10 நானோஃபாரட் 100 வோல்ட் செராமிக் கண்டென்சர் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

அரியாங்குப்பத்தான்:

0-15 1 ஆம்ப் டிரான்ஸ்பார்மர் போட்டாச்சு. நேத்து ஏழு மணிக்கு லைன் 188, அவுட்புட் 12.0, சத்தம் சுத்தமா இல்ல. ஹீட்சிங்க் கை வெச்சா பொறுக்கிற சூடுதான். கண்டென்சர் 2200 எம்எஃப்டி 35 வோல்ட்.

குழல்விளக்கு:

நல்லது தம்பி. கழட்டின அந்த 25 வோல்ட்டைத் தூக்கிப் போட்டுடாத, முதுநகர் தம்பி எடுத்து வெச்ச 10000-ஐயும் சேத்து எனக்கு அனுப்புங்க. எனக்கு வர்ற டிவி எல்லாம் கண்டென்சர் போனதுதான்.